பிரான்ஸ் வானில் பறந்த மெட்ராஸ் மாகாணம்! தெரியுமா?

மதுரை விமான நிலையத்தில் சென்னை விமானத்துக்காகக் காத்திருக்கிறீர்களா? இரண்டாம் உலகப்போரின்போது, 1942-லேயே இந்தத் தளத்தைப் பயன்படுத்தியது பிரிட்டனின் ராயல் விமானப்படை, தெரியுமா?

இதைவிடப் பெரிய ஆச்சரியம் கடல் தாண்டி இருக்கிறது. அதே விமானப்படையின் மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு நம்ம ஊர்ப் பெயர்! 79, 234, 264 ஆகிய மூன்றுமே ‘மெட்ராஸ் பிரெசிடென்சி’ ஸ்குவாட்ரன்கள். போர் விமானம் வாங்க மாகாணம் திரட்டிக் கொடுத்த நன்கொடைக்கு அவர்கள் செய்த மரியாதை அது. ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று விலை சொல்லி வசூலித்த காலம். மதுரையும் அப்போது அந்த மாகாணத்தின் ஒரு ஜில்லாதானே!

234-இன் சின்னத்தில் தீ கக்கும் டிராகன். கீழே லத்தீனில் ஒரு வாசகம்: நெருப்பையும் சாவையும் உமிழ்கிறோம்! பக்கத்து மைசூர் பணம் கொடுத்த 129-ஆவது ஸ்குவாட்ரனின் சின்னம் என்ன தெரியுமா? கண்டபேருண்டம்! இரண்டு தலைப் பறவையைத் தாங்கியவர்கள் பிரான்ஸ் வானில் ஜெர்மானியரோடு மோதியிருக்கிறார்கள்.

ஜெர்மன் தாக்குதலிலிருந்து பிரிட்டனைக் காத்து முடித்த பிறகு, 1941-இல் ராயல் விமானப்படையினரே எதிரியின் இடத்துக்குள் புகுந்து அடிக்கக் கிளம்பினார்கள். அந்தத் தாக்குதல்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: சர்க்கஸ், ரோடியோ, ருபார்ப்! சர்க்கஸ் என்றால் சில குண்டுவீச்சு விமானங்களைத் தூண்டிலாக நடுவில் விட்டு, சுற்றிலும் ஏராளமான போர் விமானங்கள் போவது. ருபார்ப் என்றால் இரண்டே இரண்டு விமானங்கள் மேகத்தில் பதுங்கிப் போய், கண்ணில் பட்ட ரயிலையும் லாரியையும் சுட்டுவிட்டு ஓடி வருவது.

1941 ஆகஸ்ட் 9. இரண்டு செயற்கைக் கால்களோடு ஸ்பிட்ஃபயர் ஓட்டிய டக்ளஸ் பேடர் பிரான்ஸ் மேலே விழுகிறார். ஒரு கால் விமானத்துக்குள் மாட்டிக்கொள்ள, வார் அறுந்து பாராசூட்டில் தப்புகிறார். பத்தே நாளில் குண்டுவீசக் கிளம்பிய பிரிட்டிஷ் விமானம் ஒன்று, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்த அவருக்கு வழியில் புதுக் காலைப் பாராசூட்டில் இறக்கிவிட்டுப் போகிறது! பால் பிரிக்ஹில் எழுதிய ‘ரீச் ஃபார் தி ஸ்கை’ (1954) இவர் கதைதான்.

ஆனால் என்னைக் கேட்டால், நாம் முதலில் படிக்க வேண்டியது மொஹிந்தர் சிங் புஜ்ஜியை. 1940-இல் இந்தியாவிலிருந்து பிரிட்டன் போன 24 விமானிகளில் ஒருவர். ஹரிகேன் போர் விமானத்தில் ஏறும்போதும் தலைப்பாகையைக் கழற்ற மறுத்தவர். அடிபட்ட விமானம் டோவர் அருகே மோதி விழுந்தபோது, தலையைக் காப்பாற்றியது அந்தத் தலைப்பாகைத் துணிதான்! அவருடைய ‘ஃபார் கிங் அண்ட் அனதர் கன்ட்ரி’ 2010-இல் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், 92 வயதில் அவர் காலமானார்.

முதல் உலகப்போரிலேயே இதற்கு முன்னோடி உண்டு. ஹர்தித் சிங் மாலிக், 1917-இல் சாப்வித் கேமல் போர் விமானம் ஓட்டியவர். ஒரே சண்டையில் அவர் விமானத்தைத் துளைத்த குண்டுகள் நானூறுக்கும் மேல்! காலில் குண்டோடு தப்பியவர், சுதந்திர இந்தியாவின் தூதராக அதே பிரான்ஸுக்குப் போனார். நினைத்தாலே சிலிர்க்கிறது. ‘எ லிட்டில் வொர்க், எ லிட்டில் ப்ளே’ அவருடைய சுயசரிதை.

இன்னொருவரையும் விட்டுவிட முடியாது. 1940-இல் 234-ஆவது ஸ்குவாட்ரனில் பறந்து பேர் வாங்கிய பாப் டோ, பிறகு எங்கே வந்தார் தெரியுமா? இந்தியாவுக்கு! இந்திய விமானப்படையின் 10-ஆவது ஸ்குவாட்ரனைத் தொடங்கி, பர்மாப் போருக்கு வழிநடத்தினார். ‘பாப் டோ: ஃபைட்டர் பைலட்’ என்ற அவர் புத்தகத்தில் நம் மண்ணும் வருவதற்கு அதுவே காரணம்.

மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகும் பிள்ளைகளே, இந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அலமாரியில் இல்லாவிட்டால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முதலில் புஜ்ஜியின் புத்தகம்!