வித்தும் வளர்ப்பும்

பெண்ணின் பெரியப்பா ஒருவர் சித்த சுவாதீனமின்றி இருந்தார் என்று ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தால் போதும், சம்பந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. டில்லியிலும் மும்பையிலும் இரண்டு தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களிலும் இவ்வழக்கம் மாறவில்லை. இதற்கு எதிரான கொடுமையும் உண்டு. பிள்ளைக்கு மனநோய் கண்டால் "தாய் வளர்த்த லட்சணம்" என்பார்கள். 1948-ல் பிரீடா பிரோம்-ரைக்மன் என்ற மருத்துவ அம்மையார், நோயை உண்டாக்கும் தாய் என்னும் பொருளில் ஒரு சொல்லையே ஆக்கினார். அது பல்லாண்டுகள் மருத்துவ உலகில் செல்வாக்குப் பெற்றிருந்தது.

பெற்ற வீடும் வளர்ந்த வீடும் ஒன்றாயிருக்கும் வரையில், எது காரணம் என்று பிரித்தறிய இயலாது. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைகளை நாடினர். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மனச்சிதைவு நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து மூன்று நாட்களுக்குள் பிரிக்கப்பட்ட 47 பேரை ஹெஸ்டன் என்பவர் ஆராய்ந்து 1966-ல் முடிவை வெளியிட்டார். ஐவருக்கு அந்நோய் கண்டிருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே தாயின் வளர்ப்பின்மீது பழி சுமத்த இடமில்லை. எனினும் 42 பேர் தப்பினரே, அது எங்ஙனம்?

இதற்குப் பின்லாந்தில் ஒரு விளக்கம் கிடைத்தது. டியெனாரி என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் அத்தகைய பிள்ளைகளைச் சுவீகாரம் எடுத்த வீடுகளுக்கே சென்று, அங்கு நிலவிய பூசலையும் குறைகூறலையும் இணக்கத்தையும் மதிப்பிட்டனர். 2004-ல் முடிவு வெளியாயிற்று. நோயுற்ற தாய்க்குப் பிறந்து, நிம்மதியற்ற வீட்டில் வளர்ந்தோரில் நூற்றுக்கு 37 பேருக்கு மனச்சிதைவோ அதன் இனத்தைச் சேர்ந்த கோளாறோ கண்டது. இணக்கமான வீட்டில் வளர்ந்தோரில் நூற்றுக்கு 6 பேருக்கே கண்டது. அந்தப் பாரம்பரியம் இல்லாத பிள்ளைகளுக்கோ, வீடு எத்தகையதாயினும் நூற்றுக்கு 5 என்ற அளவுதான். இதை வைத்துக்கொண்டு மீண்டும் பெற்றோரைக் கூண்டில் ஏற்றலாகாது. தொல்லைப்படும் பிள்ளையால் வீடு நிம்மதி இழப்பதும் உண்டல்லவா?

"பரம்பரை வியாதி" என்று நாம் எழுதி வருகிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் உறுத்துகிறது. பிள்ளைக்கு வந்து சேர்வது வியாதியன்று. வியாதிக்கு இடங்கொடுக்கும் இயல்பு. அதுவும் ஒரே ஜீனில் இல்லை, நூற்றுக்கணக்கான ஜீன்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கிறது.

சம்பந்திகளிடம் மறைப்பவர்கள் மருத்துவரிடமும் மறைத்துவிடுகிறார்கள், அதுவே பெருந்தீங்கு. வளரும் பிள்ளை உறக்கம் கெட்டு, ஒதுங்கி, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால், பெரியப்பாவின் கதையை மருத்துவரிடம் தயங்காது கூறவேண்டும். அயல் மாநிலத்தில் மொழி தடையாயிருந்தால், 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.