தங்கத்தின் மேல் தட்டி வீடு

நம் பக்கத்துப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 1880-களில் வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து இப்படிக் கிளம்பியவர்கள் போய் இறங்கிய இடம் கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்ட ஆள் எடுத்தது. கூலி காசாகக் கைக்கு வந்தது. ஆண்டை முகத்தில் விழிக்க வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய கூலி.

குடியிருப்புக்கு 'லைன்' என்று பெயர். மூங்கில் தட்டி அடைத்த ஒற்றை அறையில் மொத்தக் குடும்பமும். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, ஆனால் அது வந்தது இயந்திரங்களுக்காக. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அரியலூர்க்காரர்களுக்குச் சுரங்கம் புதிதல்ல. ஆனால் நம் சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் நின்றால் வானம் தெரியும். அங்கே பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசி தின்று நெஞ்சு கெட்டு, வீட்டில் கிடந்து செத்தவர்களும் உண்டு.

இந்த லைன்களில்தான் படிப்பு வேர் பிடித்தது என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை நடந்தது. 1914-ல் பண்டிதர் மறைந்தார். பின்னாளில் நின்றுபோன 'தமிழன்' இதழை 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். பண்டிதரின் எழுத்துகள் அங்கே நூல்களாகவும் அச்சேறின. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் காசு சேர்த்துப் பத்திரிகை வளர்த்த ஊர் வேறு எங்கே இருக்கிறது?

தொழிலாளர்களிடம் கைரேகை எடுக்கக் கம்பெனி முனைந்தபோது, 1930-ல் வேலைநிறுத்தம் வெடித்தது. நாங்கள் என்ன திருடர்களா என்ற ரோஷம் அது. பிறகு அம்பேத்கர் வழிவந்த குடியரசுக் கட்சிக்கு அந்த ஊர் சட்டமன்ற உறுப்பினர்களையும் தந்தது. சி.எம். ஆறுமுகம் பலமுறை வென்றார்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீட்டை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கும் நிலைக்குத் தொழிலாளர்கள் வந்தார்கள். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண், மலைமலையாக இன்னும் ஊருக்குள் நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வருகிறது. சுரங்கத்துக்கு இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பொழுது விடியுமுன் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறுகிறார்கள். ராத்திரிதான் திரும்புகிறார்கள்.