எரியாத விளக்கு பொய் சொல்லும்!

பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு பரீட்சை

விளக்கு எரிந்தால் 1. எரியாவிட்டால் 0. கம்ப்யூட்டர் போடும் கணக்கெல்லாம் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

அப்படியானால், விளக்கு பழுதாகி எரியாமல் இருந்தால்? அதையும் 0 என்றே படித்துவிடுவோம். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு சரியாக இருக்கும். பார்ப்பவர் படிப்பது தப்பாகிவிடும்!

18 ஆயிரம் டாலர்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்டு என்ற ஊர் இருக்கிறது. அங்கே "டிஜிட்டல் எக்யுப்மென்ட்" என்ற கம்பெனி, 1965-ம் ஆண்டில் "பி.டி.பி.-8" என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 18 ஆயிரம் டாலர். அந்தக் காலத்தில் இது மலிவு விலை!

1968-ல் "பி.டி.பி.-8/ஐ" வந்தது. அதன் முகப்பு முழுவதும் சிறு பல்புகள், ஸ்விட்சுகள்.

அந்த முகப்பைப் போலவே, மூன்றில் இரண்டு பங்கு அளவில், இப்போது ஒரு மாதிரி கிடைக்கிறது. உதிரிப் பாகங்களாக வரும். வாங்குகிறவரே பூட்டிக்கொள்ள வேண்டும். பழைய யந்திரத்தின் வேலையை, பின்னால் பொருத்தும் "ராஸ்பெரி பை" என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் செய்கிறது.

178 பற்றுகள்

மாதிரியில் 89 எல்.இ.டி. விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்கள். ஆக, விளக்குகளுக்கு மட்டும் 178 இடங்களில் ஈயம் பற்ற வைக்க வேண்டும்! நீளமான கால் நேர்மின் பக்கம் போக வேண்டும். மாற்றி வைத்தால் எரியாது.

விளக்குகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து ஓர் எண்ணைக் காட்டும். முதல் விளக்குக்கு மதிப்பு 4, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. முதலும் கடைசியும் எரிந்தால் 5. முதல் விளக்கு பழுது என்றால், 5 என்பது 1 ஆகத் தெரியும்!

பரீட்சை எப்படி?

இதற்கென்றே ஒரு சோதனை புரோகிராம் உண்டு. முதலில் எல்லா விளக்குகளையும் ஒன்றாக எரிய வைக்கும். பிறகு வரிசை வரிசையாகவும், பத்தி பத்தியாகவும் எரிய வைக்கும்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா? கால் மாறியிருக்கும்; அல்லது பற்று சரியில்லை. ஒரு வரிசை முழுவதும் இருட்டா? அந்த வரிசைக்கு மின்சாரம் போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

உண்மையில் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒரு வரிசை எரிந்து அணையும். உடனே அடுத்தது எரியும். கொள்ளிக்கட்டையை வேகமாகச் சுழற்றினால் வட்டமாகத் தெரிகிறதல்லவா? அதே மாதிரிதான்!

அடுத்து, 26 ஸ்விட்சுகள். ஒவ்வொன்றாக அசைத்தால், அசைந்தது எது என்று திரையில் எழுத்து வரும். எழுத்து வராவிட்டாலும், வேறு ஸ்விட்சின் பெயர் வந்தாலும் கோளாறுதான்.

பழைய யந்திரத்தில் இருந்தவை இழை பல்புகள். இழை அறுந்தால் அணைந்துவிடும். 1975-ல் அதே கம்பெனி வெளியிட்ட "பி.டி.பி.-11/70"-ல், விளக்குகளைச் சோதிக்க முகப்பிலேயே தனி ஸ்விட்ச் இருந்தது.

89-ம் எரிந்து பார்த்தாகிவிட்டதா? இனி எந்த விளக்கு அணைந்திருந்தாலும், தயங்காமல் 0 என்று படிக்கலாம்!