உங்களுக்குத் தெரியுமா? பழவேற்காட்டைத் தாண்டிப்போன குண்டுகள்

✦ இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9-ஆம் தேதி திருகோணமலை. அந்தச் சில நாட்களில் வங்கக்கடலில் 20-க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் மூழ்கின. இந்த ஊர்களுக்கு நடுவே இருந்த பழவேற்காட்டுக் குப்பங்கள் தப்பித்தன. ஆனால் வலை வீசப் போகும் கடல் அதே கடல்தான்.

✦ குண்டு விழுந்த காக்கிநாடாவிலிருந்து ஆந்திரக் கால்வாய்கள், பக்கிங்ஹாம் கால்வாய், பழவேற்காடு ஏரி என்று அந்நாளில் தோணியிலேயே சென்னைக்கு வந்துவிட முடிந்தது. ஸ்ரீஹரிகோட்டா விறகு சென்னை அடுப்புகளுக்கு வந்ததும் இந்தத் தண்ணீர் வழியில்தான்.

✦ கொழும்புத் தாக்குதலுக்கு முதல் நாளே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரித்தவர் லியோனர்ட் பிர்ச்சல் என்ற கனடா விமானி. இலங்கையின் கொக்கலையிலிருந்து கேட்டலினா விமானத்தில் கிளம்பியவர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு, பிடிபட்டார். தண்ணீரிலேயே இறங்கி ஏறும் இந்தக் கேட்டலினாக்கள் பின்னர் நம் புழல் ஏரியிலும் நின்றன. இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் அதே ஏரி!

✦ அந்த ஏப்ரலில் சென்னையே காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலி போன்ற கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்ற பயம். வராத குண்டுக்குப் பலியான அந்த வாயில்லா ஜீவன்களை நினைத்தால் மனசு ஆறவில்லை. ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையில் குண்டு போட்டது 1943 அக்டோபரில்தான். சேதம் சொற்பம்.

✦ துறைமுகமும் சந்தையும் சேர்ந்த ஊர்களுக்கு வானிலிருந்து குண்டு விழும் கதி 1942-இல் புதிதல்ல. 1915 ஜனவரி 19 இரவு, இங்கிலாந்தின் கிங்ஸ் லின் நகரில் ஜெர்மனியின் செப்பலின் ஆகாயக் கப்பல் குண்டு வீசியது. இறந்த இருவரில் ஒருவன் 14 வயதுச் சிறுவன். கிரேட் யார்மத் நகரிலும் அதே இரவு இருவர். பிரிட்டனில் வான்தாக்குதலுக்குப் பலியான முதல் உயிர்கள் இவர்கள்தான்.

✦ மீண்டும் பழவேற்காட்டுக்கு வருவோம். குண்டுக்குத் தப்பிய இந்த ஊரும் ஒரு காலத்தில் போருக்குச் சரக்கு அனுப்பிய ஊர்தான். 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், வெடிமருந்து ஆலையும் வைத்திருந்தார்கள். கிழக்கே பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) வரை இருந்த அவர்களுடைய கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் இங்கிருந்து வெடிமருந்து போனது.