புயல் கொண்டுபோன இருப்புப் பாதை

பயணிகள் செல்லும் இருப்புப் பாதை நம் அந்தமான் நிகோபார்த் தீவுகளில் இல்லை. எனினும், நம் கடலில் பிறந்த புயல் ஒன்று தாய்நாட்டின் இருப்புப் பாதை ஒன்றை அடியோடு அழித்தது என்பதை இளையோர் பலர் அறியார். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதையே அது.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று இராமேசுவரத்திற்கும், மற்றொன்று தனுஷ்கோடித் துறைக்கும் சென்றது. சென்னையில் ‘போட் மெயில்’ ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் புகைவண்டி ஏறிக் கொழும்பு சேர்ந்தனர். தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற நம் மக்களும், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடிந்தபின் இவ்வழியே சென்றனர்.

1964 டிசம்பர் 17 அன்று அந்தமான் கடலின் தென்பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று தோன்றியது. அது கடும் புயலாகி, இலங்கையைக் கடந்து, 22ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன்–தனுஷ்கோடி பயணி வண்டியைப் பேரலை விழுங்கிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலையமும் கோயிலும் தேவாலயமும் இடிந்தன. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் சீராயிற்று. தனுஷ்கோடியோ மக்கள் வாழத் தகாத ஊரென அறிவிக்கப்பட்டது; அதன் பாதை மீண்டும் போடப்படவில்லை.

இப்புயலுக்கு இரு திங்கள் முன்னர்தான், அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 5,25,000 பேர் இந்தியா திரும்ப வேண்டுமென அது வகுத்தது. அவ்வாறு திரும்பியோர் கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கினர். அவர்களுட் சில குடும்பங்கள் நம் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. முன்னோர் சென்ற வழி, சந்ததியார் மீண்டபோது மணலுக்கடியில் கிடந்தது.

2017இல் தனுஷ்கோடி முனைவரை சாலை திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. ஆயினும் வண்டி இராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறது.

அவ்வண்டியிலும் கப்பலிலும் சென்று வந்த முதியோர் நம் இல்லங்களில் இருப்பின், அவர்கள் சொல்வதைக் கேட்டு இன்றே எழுதி வைப்போம். தண்டவாளம் போயிற்று, அவர்தம் நினைவும் போய்விட்டால், நாம் வந்த வழியை நம் பிள்ளைகளுக்குச் சொல்வார் யார்?