சனிக்கிழமை சலூனில் கிதார் பாடம்

அமெரிக்கக் கறுப்பின உழைப்பாளிகளின் நெஞ்சில் பிறந்தது 'புளூஸ்' இசை. அதை ஏட்டைப் பார்த்துப் படித்தவர்கள் குறைவு. கேட்டும் பார்த்தும் கற்றவர்களே அதிகம். கற்றுக்கொள்ள ஆளில்லாவிட்டால், பாடியவரோடு பாட்டும் போய்விடும்!

அப்படிப் போகாமல் காத்தது வாஷிங்டன் நகரத்துச் சலூன் ஒன்று. அதன் உரிமையாளர் ஆர்ச்சி எட்வர்ட்ஸ், வர்ஜீனியா கிராமத்திலிருந்து வந்தவர். 1959-ல் கடையைத் திறந்தார். சனிக்கிழமை பிற்பகல்களில் இசைக்கலைஞர்கள் அங்கே கூடுவார்கள்.

1928-ல் இசைத்தட்டில் பாடி, பின்னர் மறக்கப்பட்ட விவசாயத் தொழிலாளி மிஸிஸிப்பி ஜான் ஹர்ட், 1963-ல் ரசிகர்களால் கண்டுபிடிக்கப்பட்டு வாஷிங்டன் வந்தார். அவரும் இந்தச் சலூனில் வாசித்தார். 1966-ல் ஹர்ட் மறைந்தார். அவரிடம் கற்றதை எட்வர்ட்ஸ், தம்மை நாடி வந்தோருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

இந்த வாசிப்பில் கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறித் தாளம் தட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல் ஒலிக்கும். கட்டைவிரலுக்குத் தாளம் பிசகாமல் படிந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. புத்தகத்தைவிட, எதிரே அமர்ந்து வாசிப்பவரின் விரல்களைப் பார்ப்பதே இதற்கு நல்ல வழி.

1998-ல் எட்வர்ட்ஸ் காலமானார். கடையோடு கலையும் முடிந்ததா? இல்லை. நண்பர்களும் மாணவர்களும் அவர் பெயரில் அறக்கட்டளை அமைத்துச் சனிக்கிழமைக் கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். பின்னர் அது பக்கத்து மாநிலமான மேரிலாந்துக்கு இடம் மாறியது; பயிற்சி வகுப்புகளும் நடந்தன.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவரின் கைவித்தை, அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு வாரத்தில் ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.