பி.டி. பருத்தியைப் புழு எப்படி ஜெயித்தது? பழ ஈயிடம் இருக்கு ஒரு க்ளூ

திருப்பூரில் தைக்கிற டி-ஷர்ட்டுக்கான பஞ்சு, வயலில் ஒரு சண்டையைத் தாண்டித்தான் நூலாகிறது. 2002-ல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. செடியே தயாரிக்கும் ஒரு புரதம், புழுவின் குடலில் உள்ள கேட்ஹெரின் என்ற ‘பூட்டில்’ ஒட்டி அதைக் கொல்லும். 2010-ல், குஜராத்தில் இளஞ்சிவப்பு காய்ப்புழு அதற்கெல்லாம் அசரவில்லை என்பது உறுதியானது. ஆராய்ந்தால், அந்தப் புழுக்களில் கேட்ஹெரின் ஜீனே சிதைந்திருந்தது. பூட்டே இல்லைன்னா சாவி என்ன செய்யும்?

ஒரு ஜீன் எப்படி உடையும்? அதற்கு ஒரு வழி, ‘தாவும் ஜீன்கள்’. டி.என்.ஏ.வுக்குள் இடம்விட்டு இடம் மாறும் துண்டுகள் இவை. போகிற போக்கில் வேறொரு ஜீனுக்குள் உட்கார்ந்தால், அந்த ஜீன் காலி. இதை விஞ்ஞானிகளுக்கு விலாவாரியாகக் காட்டிக்கொடுத்தது பழ ஈ. வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தக் குட்டி ஈயேதான்.

அதில் இருக்கும் ‘பி எலிமென்ட்’ சுமார் 2,900 எழுத்து நீளம். தன்னை வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டும் கத்தரிக்கான குறிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கத்தரிதான் டிரான்ஸ்போசேஸ் என்ற நொதி. கட்டிங் மாஸ்டர் கத்தரியோடு டேபிள் மாறுகிற மாதிரி. இதில் ஒரு தந்திரம்: முழுக் கத்தரி இனப்பெருக்க செல்களில் மட்டும்தான் தயாராகும். மற்ற செல்களில் அதே குறிப்பிலிருந்து குட்டையான ஒரு புரதம் வந்து, பிரேக் போட்டுவிடும். ஈ பிழைச்சாத்தானே, தானும் அடுத்த தலைமுறைக்குப் போக முடியும்!

1950-க்கு முன் பிடித்து லேபில் வளர்த்த ஈக்களில் இது கிடையாது. வேறொரு ஈ இனத்திலிருந்து தொற்றி, சில பத்தாண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. இதையே வண்டியாக்கி, 1982-ல் ஜெரால்ட் ரூபினும் ஆலன் ஸ்ப்ராட்லிங்கும் ஈக்குள் ஜீனை ஏற்றினார்கள்.

பருத்திக்கு வருவோம். அமெரிக்காவில் பருத்தியைத் தின்னும் ஹீலியோதிஸ் புழுவின் லேப் ரகம் ஒன்றில், தாவும் துண்டு ஒன்று இதே கேட்ஹெரின் ஜீனுக்குள் புகுந்து உடைத்திருந்தது 2001-ல் தெரியவந்தது. இது வெட்டி ஒட்டும் ரகமில்லை. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியை வைத்து, ஜெராக்ஸ் எடுத்து ஒட்டும் ரகம். இந்தியப் புழுக்களில் உடைசல் வேறு மாதிரி: ஜீனின் செய்தியை இணைக்கும்போதே பல துண்டுகள் விட்டுப்போயிருந்தன.

எப்படி உடைந்தாலும், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் உடைந்த ஜீன் வந்தால்தான் புழு தப்பும். பி.டி. வயலின் ஓரத்தில் சாதாரண பருத்தி போடச் சொன்னது அதனால்தான். அங்கே வளரும் சாதாரண அந்துப்பூச்சியோடு ஜோடி சேர்ந்தால், வாரிசுக்கு ஒரு நல்ல ஜீன் கிடைக்கும்; பி.டி. அதைக் கொன்றுவிடும். ஆனால் நிறைய வயல்களில் அந்த ஓர வரிசை போடப்படவே இல்லை.